டோனி வில்லியம்ஸ்: ஒரு ஜாஸ் டிரம்மரின் தொழில் வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோனி வில்லியம்ஸ் யார்?

1945 டிசம்பர் 12 அன்று சிகாகோவில் பிறந்து பாஸ்டனில் வளர்ந்த டிரம்மர். 17 வயதில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். 23 வயதில் அங்கிருந்து வெளியேறி, ஜாஸையும் ராக்கையும் மோதவிட்ட 'லைஃப்டைம்' குழுவைத் தொடங்கினார். 1997 பிப்ரவரி 23 அன்று, பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த மாரடைப்பால், 51 வயதில் இறந்தார். இன்றைக்கு ஜாஸ் டிரம்ஸ் கற்கிற யாராக இருந்தாலும், இவரிடமிருந்து வந்த ஏதோ ஒன்றை இவர் பெயர் தெரியாமலே பயிற்சி செய்துகொண்டிருக்க வாய்ப்புண்டு.

17 வயதுப் பையன் எப்படி மைல்ஸ் டேவிஸ் குழுவுக்குள் போனான்? தேர்வு ஏதும் வைத்தார்களா?

தேர்வெல்லாம் கிடையாது. ஜாஸில் அன்றும் இன்றும் வேலை கிடைப்பது ஒரே வழியில்தான்: உன்னுடன் வாசித்தவன் உன்னை அடுத்தவனிடம் சொல்லுவான்.

அப்பா டில்மன் வில்லியம்ஸ் சாக்ஸபோன் வாசிப்பவர். மகனைக் கையோடு கிளப்புகளுக்கு அழைத்துப் போனார். பையன் பத்து வயதைத் தொடுவதற்குள் பெரியவர்கள் நடுவே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டான். அடுத்து ஆசிரியர் ஆலன் டாசன். பதின்ம வயதில் சாக்ஸபோன்காரர் சாம் ரிவர்ஸுடன் பாஸ்டனில் வாசிப்பு. 1962 கடைசியில் நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு வாசிக்க வந்த ஜாக்கி மெக்லீன் இவரைக் கேட்டுவிட்டுத் தன்னோடு நியூயார்க்குக்கு அழைத்துப் போனார். அங்கே மெக்லீன் குழுவில் வாசிக்கும்போது மைல்ஸ் கேட்டார். 1963 மே 14 அன்று 'செவன் ஸ்டெப்ஸ் டு ஹெவன்' பதிவில் டிரம்ஸுக்குப் பின்னால் இவர்தான்.

கவனிக்க வேண்டியது, மெக்லீன் வந்த நேரத்தில் டோனி தயாராக இருந்தார் என்பதைத்தான். பாஸ்டனில் ஆர்கன் குழுக்களுடன் நடனத்துக்கு வாசித்ததும் உண்டு, சாம் ரிவர்ஸுடன் கட்டுத்தறி இல்லாத இசை வாசித்ததும் உண்டு. இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் நியூயார்க்கில் ஒரு மாதம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்.

ஆலன் டாசன் அப்படி என்ன சொல்லிக்கொடுத்தார்?

டாசன் பாஸ்டனில் பெர்க்லி இசைப் பள்ளியில் 1957 முதல் 1975 வரை கற்பித்தவர். அவர் முறையின் உயிர், கையைப் பழக்கும்போதே பாட்டையும் பழக்குவது. டெட் ரீட் 1958-இல் வெளியிட்ட சின்னப் பயிற்சிப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் இருப்பவை ஒற்றைவரித் தாளக் கோலங்கள், அவ்வளவுதான். அதில் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு டாசன் மாதக்கணக்கில் வேலை வாங்குவார். வரிசை ஏறத்தாழ இப்படிப் போகும்:

வலது கை ரைட் சிம்பலில் (தாளத்தை ஓட்டிக்கொண்டே போகும் பெரிய சிம்பல்) ஸ்விங் கோலம் (விளக்கம் பின்னால் வருகிறது), இடது கால் ஹை-ஹாட்டில் (காலால் மிதித்து மூடும் சிம்பல் ஜோடி) 2, 4 ஆகிய அடிகள். இந்த இரண்டும் நிற்கக் கூடாது. அதன்மேல் புத்தகத்து வரியை இடது கை ஸ்நேரில் (எதிரே நிற்கும் சின்ன டிரம்) வாசிக்கிறது. அடுத்த சுற்றில் அதே வரியை பாஸ் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) வாசிக்கிறது. மூன்றாவது சுற்றில் நெடில் ஸ்வரங்கள் பாஸ் டிரமுக்கு, குறில் ஸ்வரங்கள் ஸ்நேருக்கு. நான்காவதில் மட்டும் வலது கை ரைட் கோலத்தை விட்டு வரியை எடுத்துக்கொள்ள, நடுவில் விழும் திஸ்ர (அடிக்கு மூன்று) இடைவெளிகளை எல்லாம் இடது கை நிரப்புகிறது. இத்தனையும் நடக்கும்போது வாயால் ஒரு பாட்டைப் பாட வேண்டும். 32 பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) உள்ள பாட்டு. பல்லவி இரண்டு முறை, நடுப்பகுதி ஒரு முறை, மறுபடி பல்லவி.

பாடுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும்? கை பிரமாதமாக ஓடும். ஆனால் மேடையில் பியானோக்காரர் தனி வாசிக்கும்போது, அவர் நடுப்பகுதியில் இருக்கிறாரா கடைசிப் பல்லவியில் இருக்கிறாரா என்று தெரியாது. 8 பார் தள்ளி ஒரு பெரிய முத்தாய்ப்பு வைப்பீர்கள். குழு முழுவதும் உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

இன்னொன்று, அடிப்படை உருட்டுகளை எல்லாம் சங்கிலியாகக் கோத்து நிறுத்தாமல் வாசிக்கும் அவருடைய நீண்ட பயிற்சி. கால்கள் சாம்பா நடையைப் பிடித்துக்கொண்டிருக்கும்: பாஸ் டிரம் 1, 2-க்கு அடுத்த அரை இடம், 3, 4-க்கு அடுத்த அரை இடம், ஹை-ஹாட் 2, 4. குச்சிக்குப் பதிலாக பிரஷ்ஷில் வாசித்துப் பழகச் சொல்வார். பிரஷ் துள்ளாது, அடித்த இடத்திலேயே படுத்துவிடும். ஒவ்வொரு அடியையும் மணிக்கட்டுதான் தூக்கியாக வேண்டும். ஒரு வாரம் செய்தால் குச்சியை எடுக்கும்போது கை காற்றாகப் பறக்கும்.

இவ்வளவு புதுமை செய்தவர், மற்றவர்களைக் காப்பியடித்தார் என்கிறார்களே?

உண்மைதான், அவரே பல பேட்டிகளில் சொன்னது. மாக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, ஃபில்லி ஜோ ஜோன்ஸ், ராய் ஹேன்ஸ் ஆகியோரை ஒவ்வொருவராக எடுத்து, அவர் போலவே வாசிக்கப் பழகினார். அடிகளை மட்டுமல்ல, ஒலியையும் உட்காரும் விதத்தையும் சேர்த்து. சுயம் என்பது எங்கிருந்தோ இறங்கி வரும் என்று காத்திருக்கும் மாணவர்களுக்கு இது கசப்பான செய்தி. குருவின் பாணியை அச்சு மாறாமல் வாங்கி, பிறகு தன் கையைக் கண்டுபிடிக்கிற நம் ஊர் மிருதங்கக்காரர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது.

செய்ய நினைப்பவர்களுக்கு: ஒரே ஒரு பாட்டில் ஒரே ஒரு சுற்று, அதாவது 32 பார் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வாயால் சொல்லிப் பழகுங்கள். பிறகு ரைட் சிம்பலை மட்டும், பிறகு இடது கையைச் சேர்த்து. எழுதி வைப்பது கடைசி. முதலில் எழுதிவிட்டால் கண் வாசிக்கும், காது தூங்கிவிடும்.

ஸ்விங் என்பது என்ன? அதில் இவர் எதை மாற்றினார்?

கர்நாடக லயம் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். நான்கு அடி; ஒவ்வொன்றும் திஸ்ர நடையில் 'தகிட'. முதல் அடியில் 'த' மட்டும். இரண்டாம் அடியில் 'த', நடுவில் உள்ள 'கி' மௌனம், கடைசி 'ட'. மூன்றாவது முதலாவது போல, நான்காவது இரண்டாவது போல. 'டிங், டிங்-க, டிங், டிங்-க' என்று ரைட் சிம்பலில் கேட்பது இதுதான்.

ஆனால் இது காகிதக் கணக்கு. சவுக்கமாக, அதாவது மெதுவாகப் போகும்போது அந்த 'க' இன்னும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். வேகம் கூடக் கூட முன்னால் நகர்ந்து, நிமிடத்துக்கு 300 அடியைத் தொடும்போது ஏறத்தாழ சமமாகிவிடும். எல்லா வேகத்திலும் அச்சடித்த திஸ்ரமாக வாசிப்பதுதான் புதியவர்களின் வாசிப்பு நொண்டியடிக்கக் காரணம்.

டோனி செய்த மாற்றம்: கோலத்தைச் சுவர்க்கடிகாரம் போலத் திருப்பித் திருப்பி வாசிக்க மறுத்தது. 'க' எந்த அடிக்குப் பின்னால் வரும் என்று சொல்ல முடியாது. சில இடத்தில் வெறும் நான்கு அடிகள், சில இடத்தில் தொடர்ந்து சமமான அரை அடிகள், சில இடத்தில் சிம்பலே இல்லை. ஆனால் காலப்பிரமாணம் ஒரு மயிரிழை அசையாது. 1964 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஃபில்ஹார்மானிக் ஹாலில் பதிவான, மைல்ஸ் குழுவின் 'ஃபோர் அண்ட் மோர்' இசைத்தட்டைக் கேளுங்கள். வேகம் 300-ஐத் தொட்டும் தாண்டியும் ஓடுகிறது. சிம்பல் கை அவசரப்படவே இல்லை. அன்று அவருக்கு வயது 18.

ஹை-ஹாட்டை நான்கு அடியிலும் மிதிப்பது இவர் கொண்டுவந்ததா?

அதைத் தன் முத்திரையாக ஆக்கியவர் இவர்தான். 1966-இல் பதிவான 'மைல்ஸ் ஸ்மைல்ஸ்' தட்டில் 'ஃப்ரீடம் ஜாஸ் டான்ஸ்' கேட்டால் தெளிவாகத் தெரியும். அதுவரை இடது கால் 2, 4 என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. நான்கிலும் மிதித்ததும் இரண்டு கைக்கும் ரைட் கோலத்திலிருந்து விடுதலை கிடைத்தது. காலத்தைக் காட்டும் பொறுப்பைக் கால் எடுத்துக்கொண்டது.

பழகும்போது வரும் கோளாறு ஒன்றுதான்: கெண்டைக்கால் இறுகும், இரண்டே நிமிடத்தில் வேகம் இழுத்துக்கொண்டு போகும். குதிகாலை உயர்த்தி, முழுக் காலையும் சின்னதாகத் துள்ளவிடுங்கள். நிமிடத்துக்கு 120-இல் ஐந்து நிமிடம் நிற்க முடிந்த பிறகே 5 அடி கூட்டுங்கள்.

பாட்டின் நடுவில் வேகம் மாறுவது போலக் கேட்கிறது, ஆனால் யாரும் தடுமாறுவதில்லை. அது எப்படி?

வேகம் மாறவில்லை, நடை மாறுகிறது. அடிப்படைத் தாளத்தை உள்ளே வைத்துக்கொண்டு, அதன்மேல் இன்னொரு வேகம் ஓடுவது போன்ற தோற்றத்தை டிரம்ஸும் பாஸும் (பாஸ் டிரம் அல்ல, கீழ் சுருதி தந்தி வாத்தியம்) சேர்ந்து உண்டாக்குகின்றன. டோனியும் பாஸ் வாசித்த ரான் கார்ட்டரும் இதில் கில்லாடிகள்.

முறை இதோ. மெட்ரனோமை (வேகம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 120 அடியில் வையுங்கள். ஒவ்வொரு அடியையும் 'தகிட' என்று சொல்லுங்கள். இரண்டு அடிக்கு ஆறு எழுத்து. அதில் 1, 3, 5 ஆகிய எழுத்துகளில் மட்டும் தட்டுங்கள். இரண்டு அடிக்குள் மூன்று தட்டு. இந்தத் தட்டின் வேகம் 180. இப்போது இந்தத் தட்டையே புதிய அடியாக நினைத்து, அதன்மேல் ரைட் கோலத்தை வாசியுங்கள். புதிய வேகத்தில் மூன்று பார் முடியும்போது, பழைய வேகத்தில் சரியாக இரண்டு பார் முடிந்து சமத்தில் வந்து நிற்பீர்கள். 8 பார் பகுதிக்குள் 12 புதிய பார், மிச்சமில்லை.

எதிர்த்திசையிலும் போகலாம். அரை அடிகளை மூன்று மூன்றாகக் கட்டினால் வேகம் 80 ஆகக் குறைந்தது போலத் தோன்றும். இங்கேதான் கால் வழுக்கும். புதிய இரண்டு பார் என்பது பழைய மூன்று பார். 8-ஐ மூன்றால் வகுத்தால் மீதி 2. அந்த இரண்டு பாரை வழக்கமான நடையில் வாசித்து இட்டு நிரப்பத் தெரியாவிட்டால், அடுத்த பகுதியின் எடுப்பு வேறெங்கோ விழும். கோர்வை கணக்குப் போட்டவர்களுக்கு இது பழகிய தலைவலிதான். ஒரு எச்சரிக்கை: பாஸ்காரர் இதைப் பின்தொடர மறுத்துத் தன் நாலடியில் உறுதியாக நின்றால், நீங்கள் திரும்பி வர வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இடத்தை விட்டால் பிடித்துக்கொள்ளக் கம்பம் கிடையாது.

'நெஃபர்டிட்டி'யில் டிரம்ஸ்தான் தனி வாசிக்கிறது என்பது சரியா?

பாதி சரி. 1967 ஜூனில் பதிவான மைல்ஸ் குழுவின் அந்தப் பாட்டில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் தனி வாசிக்கவே இல்லை. அதே 16 பார் மெட்டை ஏறத்தாழ எட்டு நிமிடம் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். மாறுவது அடியில் இருப்பவை மட்டும். டோனி மெல்ல சிம்பலில் தொடங்குகிறார். சுற்றுக்குச் சுற்று ஸ்நேரில் சின்ன முணுமுணுப்பு, பிறகு டாம்களில் (செட்டில் உள்ள மற்ற டிரம்கள்) உருட்டு, பிறகு மெட்டின் மூச்சுவிடும் இடத்தில் வந்து மோதும் பேரலை, உடனே மறுபடி அடக்கம். பாடகர் ஒருவர் பாட, பக்கத்தில் மிருதங்கம் தனி ஆவர்த்தனம் வாசிக்கிறது என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இது தனி அல்ல, மெட்டுக்குச் செய்கிற வேலைதான். மெட்டை மூடுகிற அடி ஒன்றுகூட அதில் இல்லை.

1960-களில் என்ன செட் வைத்திருந்தார்? எப்படிச் சுருதி கூட்டினார்?

கிரெட்ச் நிறுவனத்தின் சின்னச் செட். பாஸ் டிரம் 18 அங்குல விட்டம், மேலே 12 அங்குல டாம், தரையில் 14 அங்குல டாம், 14 அங்குல ஸ்நேர். ரைட் சிம்பல் இஸ்தான்புல்லில் கையால் தட்டிச் செய்த 22 அங்குல கே ஜில்ஜியன்.

இந்த ஒலி வேண்டுமானால்: எல்லா டிரமிலும் வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றைத்தோல். பாஸ் டிரமின் இரண்டு தோலிலும் ஓட்டை போடாதீர்கள், உள்ளே தலையணை திணிக்காதீர்கள். தேவைப்பட்டால் அடிக்கிற தோலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கம்பளிப் பட்டை போதும். தோலை விரலால் இறுக்கி, சாவியால் ஒவ்வொரு போல்ட்டையும் கால் சுற்று கால் சுற்றாக, எதிரெதிராக முடுக்குங்கள். பாஸ் டிரம் 'தும்' என்று நீளமாகப் பாட வேண்டும், 'தப்' என்று சாகக் கூடாது. டாம்கள் ராக் செட்டைவிட வெகு உயரத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே ச-ம இடைவெளி வைத்துப் பாருங்கள்.

பொதுவாக எங்கே கெடுகிறது? ராக் வாசித்துப் பழகியவர்கள் பாஸ் டிரமில் பீட்டரை (மிதித்தால் தோலை அடிக்கும் தடி) தோலோடு புதைப்பார்கள். அடைப்பில்லாத டிரமில் புதைத்தால் 'ட்ர்ர்' என்று இரட்டை ஒலி வரும். அடித்த உடன் பீட்டரைத் திரும்ப விடுங்கள். நான்கு அடியிலும் பாஸ் டிரமைக் கேட்கிறதா இல்லையா என்னும் அளவுக்கு வருடுவது இந்தத் தொழிலில் பாதி ரகசியம். பாஸ்காரருக்குத் தெரிய வேண்டும், கேட்பவருக்குத் தெரியக் கூடாது.

வயது குறைந்தவர் கிளப்பில் வாசிக்க முடிந்ததா?

சிக்கல்தான். மது விற்கும் இடங்களில் வயது வராத கலைஞர் மேடையேறினால் கிளப்புக்குத் தொல்லை. மைல்ஸ் பின்னாளில் சொன்னபடி, பெரியவனாகத் தெரிய வேண்டும் என்று மீசை வளர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கவாத்தியம் வாசிக்கும் டிரம்மருக்கு வருமானம் எங்கிருந்து வரும்?

மேடைக்குச் சம்பளம், பதிவுக்கு ஒருமுறைக் கூலி. இரண்டும் அன்றோடு முடிந்தது. தட்டு 60 ஆண்டு விற்றாலும், பக்கவாத்தியக்காரருக்கு ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தாலொழிய விற்பனைப் பங்கு கிடையாது. பங்கு போவது குழுத் தலைவருக்கும், பாட்டை எழுதியவருக்கும்.

அதனால்தான் டிரம்மர் பாட்டு எழுத வேண்டும். டோனி சீக்கிரமே தொடங்கினார். 1964-இல் 18 வயதில் தன் பெயரில் முதல் தட்டு. மைல்ஸ் குழுவுக்கு 'பீ வீ', 'ஹேண்ட் ஜைவ்', 'பிளாக் காமெடி' ஆகியவை இவர் எழுதியவை. பின்னாளில் எழுதிய 'சிஸ்டர் ஷெரில்' மற்றவர்களும் எடுத்து வாசிக்கும் பாட்டாகிவிட்டது. எழுதியவரின் உரிமையைப் பதிவுசெய்யாமல் பதிவுக் கூடத்துக்குள் போவது, ரசீது வாங்காமல் நகையை அடகு வைப்பது மாதிரி.

முன்பு சொன்ன ஃபில்ஹார்மானிக் ஹால் கச்சேரிக்கும் ஒரு பணக்கதை உண்டு. அது மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவுசெய்யும் இயக்கத்துக்கான நிதிக் கச்சேரி. சம்பளம் இல்லை என்றதும் குழுவுக்குள் வாக்குவாதம். அந்தச் சூட்டோடுதான் மேடையேறினார்கள் என்று மைல்ஸ் சொல்லியிருக்கிறார். தட்டில் உள்ள வேகத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மைல்ஸ் குழுவை ஏன் விட்டார்?

தன் குழு வேண்டும் என்று. 1969 தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினை வரவழைத்ததே டோனிதான். வந்த வேகத்தில் மெக்லாஃப்லினை மைல்ஸும் பதிவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். 1969 பிப்ரவரி 18 அன்று பதிவான 'இன் எ சைலன்ட் வே' தட்டில் இருவரும் இருக்கிறார்கள்.

அந்தத் தட்டின் முதல் பக்கத்தை டிரம்மர்கள் அவசியம் கேட்க வேண்டும். சுமார் 18 நிமிடம். அதில் பெரும்பாலும் டோனி வாசிப்பது மூடிய ஹை-ஹாட்டில் கால் இடங்கள், அதாவது அடிக்கு நான்கு. அவ்வளவுதான். உலகத்தின் அதிவேகக் கைகளை வைத்துக்கொண்டு அப்படி உட்கார்ந்திருப்பது சுலபம் என்று நினைப்பவர்கள், வீட்டில் 18 நிமிடம் முயன்று பார்க்கலாம். ஆறாவது நிமிடத்தில் கை ஏதாவது அலங்காரம் செய்யத் துடிக்கும். பத்தாவதில் முன்கை எரியும்.

லைஃப்டைம் ஏன் வணிக ரீதியில் ஓடவில்லை?

மூவர்தான்: டோனி, கிதாருக்கு மெக்லாஃப்லின், ஆர்கனுக்கு லாரி யங். 1969 மேயில் பதிவான 'எமர்ஜென்சி!' இரட்டைத் தட்டு பின்னால் வந்த ஃப்யூஷன் இசைக்கெல்லாம் மூத்த பிள்ளை. ஆனால் அதன் ஒலிப்பதிவு மோசம். ஆர்கனும் கிதாரும் கரகரவென்று உடைந்து கேட்கின்றன. ஜாஸ்காரர்களுக்கு அது சத்தம், ராக்காரர்களுக்கு அது புதிர். போதாக்குறைக்கு டோனி பாடவும் செய்தார். குரலை விமர்சகர்கள் விட்டுவைக்கவில்லை, அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 1970-இல் பாஸ் வாசிக்க ஜாக் புரூஸ் சேர்ந்தும் குழு நிலைக்கவில்லை. 1975-இல் கிதாருக்கு ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தோடு வேறு ஆட்களை வைத்து 'பிலீவ் இட்' வெளியிட்டார். அது தெளிவான, கச்சிதமான தட்டு.

இந்த மெக்லாஃப்லின்தான் பிறகு நம் ஊர் எல். சங்கர், விக்கு விநாயகராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவைத் தொடங்கியவர்.

பின்னாளில் செட் ஏன் அவ்வளவு பெரிதானது?

மின்கிதாரும் ஆர்கனும் எழுப்பும் ஒலிக்கு 18 அங்குல பாஸ் டிரம் ஈடுகொடுக்காது. மஞ்சள் நிறக் கிரெட்ச்: 24 அங்குல பாஸ் டிரம், மேலே 13, 14 அங்குல டாம்கள், தரையில் 14, 16, 18 என்று மூன்று. நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டிய தோல்கள். பொட்டு மேலொலிகளைக் குறைத்து அடியை முன்னால் தள்ளும், பலமான அடிக்குத் தோலும் தாங்கும்.

அதே செட்டை வைத்துக்கொண்டு 1977-இல் வில்லேஜ் வான்கார்ட் என்ற சின்ன நிலவறைக் கிளப்பில், மென்மையாக வாசிக்கும் பியானோக்காரர் ஹாங்க் ஜோன்ஸோடும் ரான் கார்ட்டரோடும் வாசித்தார். பியானோ அமுங்கிவிடுகிறது என்பவர்கள் உண்டு. அந்த முரண்தான் அதன் சுவை என்பது எங்கள் பக்கம்.

நாற்பதை நெருங்கும்போது மறுபடி மாணவரானாரா?

ஆம். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு ராபர்ட் கிரீன்பெர்க்கிடம் மேற்கத்தியச் செவ்வியல் இசையமைப்பு படித்தார். அதன் பலன் 1985-இல் வந்த 'ஃபாரின் இன்ட்ரீக்' தொடங்கி புளூ நோட் நிறுவனத்தில் வெளியான தட்டுகள். டிரம்பெட்டில் வாலஸ் ரோனி, பியானோவில் மல்க்ரூ மில்லர் எனத் தன்னைவிட இளையவர்களை வைத்து நடத்திய ஐவர் குழுவுக்குப் பெரும்பாலான பாட்டுகளைத் தானே எழுதினார். நடுவே 1986-இல் பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற ராக் குழுவின் தட்டிலும் வாசித்தார். வேலை எந்தப் பக்கமிருந்தும் வரும்.

ஜாம் செஷனில் (ஒத்திகை இல்லாமல் கூடி வாசிக்கும் இடம்) முதல்முறை உட்காரும்போது என்ன செய்ய வேண்டும்?

குச்சி, பிரஷ் இரண்டையும் கொண்டு போங்கள். இருப்பவரின் சிம்பலை மாற்றாதீர்கள், இருக்கை உயரத்தை மட்டும் சரிசெய்யுங்கள். பாட்டின் பெயரைக் கேட்டதும் எத்தனை பார், என்ன அமைப்பு என்று பாஸ்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். பாஸ் தனி வாசிக்கும்போது ஒலியைப் பாதியாக்குங்கள். பலர் சோதிப்பது இதைத்தான். நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிக்கும் கட்டம் வந்தால், உங்கள் நான்கில் பாட்டின் மெட்டை மனதில் ஓடவிடுங்கள். இடம் தொலைந்தால்? பெரிதாக அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். ரைட் சிம்பலில் வெறும் நான்கு அடிகளுக்கு இறங்கி, பியானோவில் நடுப்பகுதி வரும் இடத்தைக் காத்திருந்து பிடியுங்கள்.

மிருதங்கம், தவில் பின்னணி உதவுமா?

கணக்குக்கு மிகவும். எதிராக நிற்பது ஒன்று: நம் வாசிப்பு சமத்தில் வந்து இறங்குவதைக் கொண்டாடும். ஜாஸில் ஒவ்வொரு 8 பாரின் முதல் அடியிலும் முத்தாய்ப்பு வைத்தால் குழு மூச்சுத் திணறும். நான்காவது அடியின் கடைசித் துளியில் முடித்துவிட்டு, சமத்தைக் காலியாக விடப் பழகுங்கள்.

காதுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை என்பது அமெரிக்கத் தொழில்சார் நல நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும்: 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் 15 நிமிடம். மூடிய அறையில் சிம்பல் 100-ஐச் சுலபமாகத் தொடும். பஞ்சு உதவாது, உச்ச ஒலியை மட்டும் மழுக்காமல் எல்லாவற்றையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான் வாங்குங்கள்.

டோனி வாசித்தது போன்ற ரைட் சிம்பல் வேண்டும். வாங்கும்போது எதைப் பார்ப்பது?

இஸ்தான்புல் கே தயாரிப்பு 1970-களின் பிற்பகுதியில் நின்றுவிட்டது. பழையவை யானை விலை. இன்று பல நிறுவனங்கள் அந்த வகையில் செய்கின்றன. 22 அங்குலத்தில் 2200 முதல் 2600 கிராம் எடை நல்ல வரம்பு. கடையில் ஒரு அடி அடித்துப் பார்த்து வாங்காதீர்கள். குச்சியின் நுனியால் வேகமாக அரை நிமிடம் தொடர்ந்து வாசியுங்கள்: பின்னால் எழும் இரைச்சல் ஏறி ஏறி நுனியின் 'டிக்' ஒலியை விழுங்குகிறதா? விழுங்கினால் வேண்டாம். பிறகு குச்சியின் தோளால் விளிம்பில் அடியுங்கள், சட்டென்று திறந்து சீக்கிரம் அடங்க வேண்டும். பழைய சிம்பலானால் விளிம்பு முழுவதும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மயிர்க்கோட்டு விரிசல் நகத்தில் தட்டுப்படும். நடுத்துளை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் போல ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். துளையிலிருந்து விரிசல் தொடங்கியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.